ஐம்பதிலும் வளையும்!

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் முன்னோர் மொழி. பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் இப்பழமொழி தலைகாட்டாத ஆண்டே இல்லை. நானும் ஏழாம் வகுப்பில் இதனை உரக்கப் பேசி மூன்றாம் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர் பெற்றேன். இன்று அதே பழமொழிக்கு எதிராக எழுத முன்வந்துள்ளேன். பரிசைத் திருப்பிக் கேட்க வேண்டாம் என்று ஆசிரியைகளைப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

பழமொழியைச் சொன்ன பெரியோர்மீது குற்றமில்லை. நற்பழக்கங்களை இளமையிலேயே ஊட்டிவிட வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. ஆனால் நாம் அதை வேறொரு காரியத்திற்குப் பயன்படுத்துகிறோம். நடுவயதில் ஒருவர், அதிலும் ஒரு பெண், புதிதாக ஒன்றைக் கற்க விரும்பினால் அவர் வாயை அடைப்பதற்கு இதைச் சொல்கிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. வாயை அடைக்க முயன்றவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே இக்கட்டுரையைப் பிறருக்கு அறிவுரையாக மட்டும் எழுதவில்லை.

என் அம்மா ஒரு செவிலியர். இருபது ஆண்டுகளாக மருத்துவமனையில் பணியாற்றி வருகிறார். வயது நாற்பத்து மூன்று. சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு உணவின்போது, "நான் இன்டீரியர் டிசைன் படிக்கலாம்னு இருக்கேன். சனி, ஞாயிறு வகுப்புதான். ஒரு வருஷப் படிப்பு" என்றார்.

அப்பா சிரித்துவிட்டார். "ஊசி போடுறதுக்கும் மேசை நாற்காலிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். ஆச்சி, "மக காலேஜுக்குப் போற நேரத்துல நீ போகப் போறியாக்கும்?" என்று கேட்டார்கள். நான் எல்லாருக்கும் மேலே சென்றேன். "எனக்கு இந்த வருஷம் பொதுத்தேர்வு. நீ இப்பவே போய்த்தான் ஆகணுமா, அம்மா?" என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். கட்டணத்திற்கு அவர் எடுத்தது எனக்குச் சங்கிலி வாங்கவென்று கட்டிவந்த சீட்டுப் பணம் என்பது பிறகு தெரிந்தபோது என் கோபம் இரட்டிப்பாயிற்று.

அம்மா ஏன் இந்தப் படிப்பை விரும்பினார் என்பதை நான் கேட்டறிய மூன்று மாதங்கள் ஆயின. கேட்காதது என் தவறே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆச்சி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கதவு உட்பக்கமாகத் திறக்கும் கதவு. ஆச்சி அதன்மேல் சாய்ந்தபடி கிடந்ததால் எங்களால் திறக்க முடியவில்லை. கதவை உடைத்துத்தான் தூக்கினோம். மருத்துவமனையில் இப்படி விழுந்து வருகிற முதியோர் பலரை அம்மா பார்த்திருக்கிறார். "அவங்களைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்புறோம். அதே வீட்டுக்கு, அதே குளியலறைக்குத்தான் அவங்க திரும்பிப் போறாங்க. அங்கே போய் எதையாவது மாத்தணும்னு யாருக்கும் தோணலையே" என்றார். இதைக் கேட்டபின், ஊசிக்கும் மேசை நாற்காலிக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

உள் அலங்காரம் என்றவுடன் திரைச்சீலை, பூச்சாடி, சுவர் வண்ணம் இவைதாம் நம் நினைவுக்கு வருகின்றன. அம்மாவின் பாடங்களைப் பார்த்த பிறகே எனக்கு உண்மை விளங்கியது. முதலில் அளக்கக் கற்றுத் தருகிறார்கள். அறையின் நீள அகலம் மட்டும் போதாது. சன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், கதவு எப்பக்கம் திறக்கிறது, தண்ணீர்க் குழாய் எவ்வழி வருகிறது, ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் குறிக்க வேண்டும். பின்பு அதனை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கித் தாளில் வரைய வேண்டும். 5 மீட்டர் சுவர் தாளில் 10 சென்டிமீட்டராகிவிடும். அதற்குப் பின்னர்தான் கணினியில் வரையவே விடுகிறார்கள். மரத்தின் வகை, பிளைவுட்டின் கனம், மின்சாரக் கணக்கு, செலவு மதிப்பீடு, ஆசாரியிடமும் கொத்தனாரிடமும் வேலை வாங்கும் முறை என்று பாடங்கள் நீண்டுகொண்டே போகின்றன.

சிறு சிறு அளவுகளிலே எவ்வளவு பெரிய உண்மைகள் அடங்கியிருக்கின்றன! சமையல் மேடை சமைப்பவரின் முழங்கைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருந்தால் முதுகு வலிக்காது. சக்கர நாற்காலி நுழைய வாசல் 90 சென்டிமீட்டர் அகலம் திறந்திருக்க வேண்டும். அது திரும்புவதற்கு 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறந்தால், உள்ளே விழுந்தவரை எளிதில் தூக்கலாம். துண்டு தொங்கவிடும் கம்பி ஆளின் பாரத்தைத் தாங்காது. கைப்பிடிக் கம்பியைச் சுவரில் உறுதியாகத் தனியே பதிக்க வேண்டும். ஆச்சி அன்று பிடித்தது துண்டுக் கம்பியைத்தான். அது கையோடு பெயர்ந்து வந்துவிட்டது.

நடுவயதில் இத்துறைக்கு வந்தவர்கள் உலகில் புதியவர்கள் அல்லர். அமெரிக்காவில் எல்சி டி உல்ஃப் என்ற பெண்மணி நாடக நடிகையாக இருந்தவர். 1905ஆம் ஆண்டு மேடையை விட்டு விலகி, வீடுகளை அழகுபடுத்தும் தொழிலைத் தொடங்கினார். நியூயார்க் நகரில் பெண்களுக்கென்று கட்டப்பட்ட காலனி கிளப்பின் உட்புறத்தை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1907இல் அது திறக்கப்பட்டபோது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். கனத்த திரைகளும் இருண்ட மரச்சாமான்களும் நிறைந்திருந்த அக்கால அறைகளுக்கு மாறாக, வெளிச்சமும் காற்றும் வெளிர் நிறங்களும் உள்ள அறைகளை அவர் அமைத்தார். பல ஆண்டுகள் மேடையில் நின்றவருக்கு ஒளி எங்கிருந்து விழ வேண்டும் என்பது தெரியாமலா இருக்கும்? பழைய தொழில் வீண்போகவில்லை. புதிய தொழிலுக்கு அதுவே கைம்முதலாயிற்று.

லில்லியன் கில்பிரெத் அம்மையாரின் கதை இன்னும் உள்ளத்தைத் தொடுவது. அவரும் கணவரும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் முறையை ஆராய்ந்து சீர்திருத்தும் வல்லுநர்கள். 1924ஆம் ஆண்டு கணவர் திடீரென்று இறந்தார். அம்மையாருக்கு அப்போது வயது நாற்பத்தாறு. வளர்க்க வேண்டிய குழந்தைகளோ பதினொரு பேர்! முனைவர் பட்டம் பெற்றிருந்தும், பெண் என்பதற்காகத் தொழிற்சாலைகள் பல அவரை ஏற்கத் தயங்கின. அவர் தளர்ந்துவிடவில்லை. தொழிற்சாலையில் கற்ற வித்தையை அடுக்களைக்குக் கொண்டுவந்தார். அடுப்பு, தொட்டி, சாமான் அலமாரி ஆகியவற்றைச் சரியான இடத்தில் வைத்து, சமைப்பவள் வீணாக நடக்கும் நடையைக் குறைத்துக் காட்டினார். காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத் தொட்டியும், குளிர்பதனப் பெட்டியின் கதவுக்குள் இருக்கும் தட்டுகளும் அவருடைய யோசனைகள் என்று சொல்லப்படுகின்றன. இத்தனைக்கும் அவருக்குச் சமையல் அவ்வளவாக வராதாம்!

"அவர்கள் அயல்நாட்டு மேதைகள், நம்மால் ஆகுமா?" என்று சிலர் கேட்கலாம். நாம் நாள்தோறும் மன்றாடும் புனிதர் ஒருவரையே பார்ப்போம். லொயோலா நகரப் புனித இஞ்ஞாசியார் போர்வீரராக இருந்தவர். 1521இல் பாம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் நொறுங்கியது. படுக்கையில் கிடந்தபோது மனம் மாறியது. இறைபணிக்குக் கல்வி தேவை என்று உணர்ந்து, 1524ஆம் ஆண்டு, தமது முப்பத்து மூன்றாம் வயதில், பார்சிலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணத்தின் முதல் பாடத்தைத் தொடங்கினார். வாள் பிடித்த கை சிறுவர்களின் புத்தகத்தைப் பிடித்தது. பாரீசில் அவர் முதுகலைப் பட்டம் பெற்றது 1535இல். அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். அந்த மாணவர்தாம் பின்னர் இயேசு சபையை நிறுவி உலகெங்கும் பள்ளிகள் தோன்ற வழிவகுத்தார். மறைக்கல்வி வகுப்பில் எங்கள் சிஸ்டர் இதைச் சொன்னபோது எனக்கு அம்மாவின் வகுப்பறைதான் கண்முன் வந்தது. அங்கே உடன் படிப்பவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள். எல்லாரும் அம்மாவை "ஆன்ட்டி" என்று அழைக்கிறார்கள். பாடம் நடத்துபவர் அம்மாவைவிடப் பத்து வயது இளையவர். கோடு கோணலாகப் போனால் அவர் அடித்துவிட்டு மறுபடி வரையச் சொல்வாராம். இருபது ஆண்டு அனுபவமுள்ள செவிலியர் தலைகுனிந்து மறுபடி வரைகிறார். இந்தத் தாழ்ச்சி இல்லாமல் எந்த வயதிலும் கல்வி இல்லை.

இனி மறுப்புகளையும் பார்ப்போம். ஒருபக்கமாகப் பேசினால் அது வாதமாகாது.

"நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வது புனிதமான வேலை. அதை விட்டுவிட்டு வீட்டை அழகுபடுத்தப் போவது சரியா?" என்பது முதல் கேள்வி. இது நியாயமான கேள்விதான். செவிலியர் எல்லாரும் வேறு தொழிலுக்குச் சென்றால் நோயாளிகளின் கதி என்னவாகும்? ஆனால் நோயாளி வீடு திரும்பிய பின்பும் அவருக்கு ஒரு பணி தேவைப்படுகிறது அன்றோ? முதியவர் விழாமல் நடக்கும்படி ஒரு வீட்டை அமைப்பதும் பணிவிடையே. மேலும் அம்மா இன்னும் மருத்துவமனையை விட்டுவிடவில்லை. இரவுப் பணி முடித்துவிட்டு நேரே வகுப்புக்குச் செல்லும் சனிக்கிழமைகளும் உண்டு.

"வருமானம் நின்றுவிட்டால் குடும்பம் என்ன ஆவது?" என்பது இரண்டாவது கேள்வி. இதையும் தள்ளிவிட முடியாது. மாதச் சம்பளம் முதல் தேதியில் வரும். புதுத் தொழிலில் வேலை வந்தால்தான் பணம். எனவே ஆசை பிறந்த மறுநாளே இருக்கும் வேலையை உதறிவிடுவது அறிவுடைமை ஆகாது. முதலில் சொந்த வீட்டை அளந்து வரைந்து பார்க்கலாம். ஆசாரி வேலை செய்யும் இடத்தில் நின்று கவனிக்கலாம். வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் படிக்கலாம். கடன் வாங்காமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்கிடலாம். இருக்கும் வேலையில் சலிப்பு என்பதற்காக மட்டும் வேறு தொழிலைத் தேடுகிறவருக்கு அங்கும் சலிப்புக் காத்திருக்கும்.

மூன்றாவதாக, "இதற்குப் படிப்பு எதற்கு? ரசனை இருந்தால் போதாதா?" என்பார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொண்டவர் மட்டுமே தம்மைக் கட்டடக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளலாம். உள் அலங்காரத் தொழிலுக்கு அத்தகைய பதிவு கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை எழுதி மாட்டலாம். அதனாலேயே முறையாகப் படிப்பது இன்னும் அவசியமாகிறது. எந்தச் சுவர் கட்டடத்தைத் தாங்குகிறது என்று அறியாமல் ஒரு சுவரை இடிக்கச் சொன்னால் என்ன ஆகும்? ரசனை மட்டும் அந்த வீட்டைத் தாங்கிப் பிடிக்காது. எங்கே பொறியாளரை அழைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதும் படிப்பின் ஒரு பகுதியே.

இப்படி நிதானமாகப் பார்த்தால் வயது ஒரு பெரிய தடையாக எனக்குத் தோன்றவில்லை. பணத்திற்கும் வழி காணலாம். வேலை செய்வோரும் படிப்பதற்கென்றே 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. நாடு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் வீடு இடம் கொடுத்ததா? இதுதான் என் கேள்வி. இதை நான் கேட்கக் காரணமான ஒரு நிகழ்ச்சியை, வெட்கத்தோடு இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எனக்குப் படிப்பதற்கு ஒரு மேசை உண்டு. அப்பாவுக்குக் கணக்குப் பார்க்க ஒரு மேசை உண்டு. அம்மாவுக்கு இல்லை. இதை நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. சாப்பாட்டு மேசையை எல்லாரும் சாப்பிட்ட பின் துடைத்து, அதில்தான் அவர் வரைவார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மறுநாள் கொடுக்க வேண்டிய வரைபடத்தை முடித்து, காய்வதற்காக அப்படியே விரித்து வைத்துவிட்டுக் குளிக்கச் சென்றிருந்தார். நான் பசி அவசரத்தில் சூடான குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்துவிட்டேன். நான்கு நாள் வேலை! தாளின் நடுவே வட்டமாகக் கறை படிந்துவிட்டது.

அம்மா திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. "போய்ப் படும்மா, காலையில உனக்குப் பரீட்சை இருக்கு" என்றார். புதுத் தாளை ஒட்டி, மூலைமட்டத்தை எடுத்து, முதல் கோட்டிலிருந்து மறுபடி தொடங்கினார். அப்போது மணி பதினொன்று. நடுநிசி தாண்டி நான் எழுந்து பார்த்தபோதும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்குப் பரீட்சை என்று அவர் நினைவில் வைத்திருந்தார். அவருக்கும் மறுநாள் ஒரு பரீட்சைதான் என்பதை நான் நினைக்கவில்லை. ஊரார் வீட்டுக்கெல்லாம் எது எங்கே இருக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு, தன் வீட்டில் ஒரு தாளை விரித்துவைக்க இடமில்லை!

அடுத்த வாரம் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பரணில் கிடந்த பழைய கட்டில் பலகையை இறக்கினார். ஆசாரி கால்கள் பொருத்திக் கொடுத்தார். சன்னலோரத்தில் என் மேசை இருந்த இடத்தில் அது நிற்கிறது. என் மேசையை நான் சுவர்ப்பக்கம் தள்ளிக்கொண்டேன். இப்பொழுது மாலை வேளைகளில் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியபடி படிக்கிறோம். சனிக்கிழமைச் சமையல் எனக்கும் அப்பாவுக்கும். என் இரசத்தைப் பற்றி அப்பா இதுவரை நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா இத்தொழிலில் வெற்றி பெறுவாரா? அதை நான் இன்று சொல்ல முடியாது. அவர் இதுவரை செய்து முடித்திருப்பது எங்கள் வீட்டுக் குளியலறை ஒன்றுதான். கதவு இப்போது வெளிப்பக்கம் திறக்கிறது. தரையில் வழுக்காத ஓடு. சுவரில் இரண்டு கைப்பிடிக் கம்பிகள். இரவில் எரியச் சிறு விளக்கு ஒன்று. "போறியாக்கும்" என்று கேட்ட ஆச்சி இப்போது யார் துணையும் இல்லாமல் போய்வருகிறார்கள். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மருமக போட்டது" என்று அந்தக் கம்பியை ஆட்டிக் காட்டுகிறார்கள். அது ஆடுவதில்லை.

என் அன்புத் தோழியரே! நம் தாய்மார் நமக்குப் பென்சில் சீவித் தந்தவர்கள். நம் தேர்வு நாள்களில் வானொலியையும் தொலைக்காட்சியையும் அணைத்து வைத்தவர்கள். அவர்களில் யாரேனும் ஒருவர் தையலோ, கணக்கோ, வீட்டமைப்போ, எதுவாயினும் கற்க விரும்பினால், "இந்த வயதிலா?" என்று முதலில் கேட்கும் குரல் நம்முடையதாக இருக்க வேண்டாம். ஒரு மேசையும், வாரத்தில் ஒரு பகற்பொழுதும் கொடுப்போம். அது தியாகம் அன்று, பட்ட கடனில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதே. தந்தையருக்கும் இது பொருந்தும்.

பெற்றோர்களே! நீங்கள் படிப்பதை நாங்கள் பார்ப்பது நல்லது. "படி, படி" என்று நூறு முறை சொல்வதைவிட அது எங்களை அதிகமாகப் படிக்க வைக்கிறது. இதற்கு நானே சாட்சி.

வயதான ஒருவர் மீண்டும் பிறக்க இயலுமா என்று நிக்கதேம் நம் ஆண்டவரிடம் இரவில் வந்து கேட்டார். அவர் கேட்ட பொருள் வேறு, ஆழமானது. ஆயினும் இரவு பதினொரு மணிக்குப் புதுத் தாளில் முதல் கோட்டை இழுத்த என் அம்மாவைப் பார்த்த பிறகு, எந்த வயதிலும் புதிதாகத் தொடங்க இயலும் என்றே நான் நம்புகிறேன். ஐந்தில் வளைவது நல்லதுதான். ஆனால் அன்போடு இடம் கொடுத்தால் ஐம்பதிலும் வளையும். வளைவது மட்டுமன்று, நிமிர்ந்தும் நிற்கும்!

— மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு